முப்பத்தெட்டாம் ஆண்டுக் கேக்

“பிள்ளை, நீர் வாழ்க்கையிலை எதையாவது துலைச்சிருக்கிறீரோ?”

வேலைக்கு நேர்முகம் போன அன்றைக்கு நவரத்தினம் சேர் டிலக்ஷியிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பத்தாம் வகுப்போடு ஏன் படிப்பை நிறுத்தினாய் என்று கேட்பார் என நினைத்து, வழியெல்லாம் ஒரு பதிலைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தாள். அது வீணாய்ப் போனது.

“இல்ல சேர். ஒரு குடை கூட இல்ல.”

நாற்காலியில் மாட்டியிருந்த தன் நீளக் குடையை அவர் ஒருமுறை தடவிப் பார்த்தார். வெயிலோ மழையோ அந்தக் குடை இல்லாமல் அவர் வெள்ளவத்தை வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை.

“உமக்கு முதல் மூண்டு பட்டதாரியள் வந்தவை. ஒருத்தர் தன்ரை சேர்ட்டிபிக்கற்றையே துலைச்சவர். நாளைக்கு வாரும்.”

எட்டு மாதமாகிவிட்டது. டிலக்ஷி ஒரு குண்டூசியைக் கூடத் தொலைக்கவில்லை. நிரந்தர நியமனக் கடிதம் ரைப் அடித்து, கையெழுத்து மட்டும் வைக்காமல், சேரின் நீலக் கோவைக்குள் இருந்தது. சனிக்கிழமை மாநாடு ஒழுங்காக முடிந்தால் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. கொட்டாஞ்சேனை வீட்டில், அலுமாரிக்கு மேல் தான் வைத்த பெட்டியைக் காணாமல் டிலக்ஷி கதிரையில் ஏறி நின்றாள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரு துண்டுக் கேக்.

டிலக்ஷி வேலை செய்த நூதனசாலை, கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். துறைமுகத்தில் வேலை செய்த குடும்பங்களின் சாமான்கள் அங்கே இருந்தன. மூட்டை தூக்கும் கொக்கி, சாப்பாட்டு டின், சங்கு ஊதும் நேரம் எழுதிய பலகை. எல்லாவற்றிலும் பெரிய பெயர் பதினேழாம் இலக்கப் பொருளுக்குத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் கிரேன் ஓட்டிய ஸ்ரான்லி என்பவரின் கல்யாணக் கேக். வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளிப் பேப்பரில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் தம்பி அப்போது கப்பலில் இருந்தான். அவனுடைய துண்டை எடுத்து வைத்தார்கள். அவன் ஒஸ்ரேலியாவில் இறங்கி அங்கேயே குடித்தனம் நடத்தினான். கேக் மட்டும் அவனுக்காகக் காத்திருந்தது.

தெற்காசிய நூதனசாலைப் பணியாளர் மாநாடு இந்த முறை வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல் மண்டபத்தில். ஐந்து நாடுகளிலிருந்து எண்பது பேர். அதில் நவரத்தினம் சேருக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். தலைப்பு: காசில்லாத நூதனசாலையில் பூச்சி கொல்வது எப்படி.

வழி சுலபம். பூச்சி பிடித்த பொருளைக் காற்றுப் போகாமல் பொலித்தீனில் சுற்றி, ஆழ்குளிர்ப் பெட்டியில் பதினாலு நாள் வைக்க வேண்டும். பூச்சியும் முட்டையும் செத்துவிடும். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வெளியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருள் வியர்த்துக் கெட்டுவிடும். நூதனசாலையில் குளிர்ப்பெட்டி இல்லாதபடியால் கேக் இரண்டு வாரம் சேரின் வீட்டில், நண்டுக்கும் கணவாய்க்கும் நடுவில் இருந்தது. வியாழக்கிழமை சேரின் வீட்டுக்கு ஜேர்மனியிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள்.

“இஞ்சை வைச்சா தின்டு போடுவாங்கள்,” என்றார் சேர். “உம்மடை வீட்டை கொண்டுபோய் வையும். நீர் ஒண்டும் துலைக்கிறேல்லை.”

டிலக்ஷி கதிரையிலிருந்து இறங்கினாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவளும் அக்கா ரொஷேலும். அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். டிலக்ஷி மெதுவாகத் தலகணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அக்கா! எழும்பு!”

“என்னடி விடியக் காத்தால?”

“பெட்டிய எதுக்குத் தலகணிக்குக் கீழ வச்ச?”

ரொஷேல் எழும்பி உட்கார்ந்து கொண்டையைக் கட்டினாள். முப்பத்து மூன்று வயது. மணப்பெண் அலங்காரம் செய்பவள். நாற்பது பெண்களைப் பூ வைத்துப் பொட்டு வைத்து அனுப்பிவிட்டு, நாற்பது தரமும் பவுடர் பெட்டியோடு தனியாக வீட்டுக்கு வந்தவள்.

“வெடிங் கேக்தானே? வெடிங் கேக்க அலுமாரிக்கு மேல வச்சா என்ன பிரயோசனம்? தலகணிக்குக் கீழ வச்சுப் படுத்தாத்தானே மாப்பிள்ள கனவில வருவான்.”

“அது எண்பது வருஷத்துக்கு மேலான கேக்!”

“அதுதான். பழசெண்டா நல்லா வேல செய்யும் எண்டு நெனச்சன்.”

டிலக்ஷிக்கு அழுகை வந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“வந்தவனா?”

“வந்தான். முகம் தெரியேல்ல. கையில நீட்டா ஒரு குடை. நான் சிரிக்கிறன், அவன் ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. குடையத் தூக்கிக்கொண்டு வாசலத் தாண்டிப் போய்ட்டான்.”

“மழையா?”

“நல்ல வெயில்டி. விசரன் போல.”

பெட்டி தட்டையாகியிருந்தது. உள்ளே பதினேழாம் இலக்கம் பப்படம் மாதிரிக் கிடந்தது.

“அழாத,” என்றாள் ரொஷேல். “எத்தின மூஞ்சியச் சரி பண்ணியிருக்கன். இது ஒரு கேக்.”

நத்தாருக்கு வாங்கி மிச்சமிருந்த பிரண்டியில் நாலு சொட்டு விட்டுக் கேக்கைப் பிசைந்து சதுரமாக்கினாள். அது ஈரமாக இருந்ததால் தலைமயிர் உலர்த்தும் மெஷினால் காற்றுப் பிடித்தாள். சூடு பட்டதும் கேக்கிலிருந்து கறுவாவும் பிரண்டியும் கலந்து ஒரு வாசம் எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரால் எட்டி, “என்ன பிள்ளைகள், பேர்த்டேயா?” என்று கேட்டார். நிறம் மங்கலாக வரட்டும் என்று மணப்பெண்களுக்குப் பூசுகிற பவுடரை மேலே தட்டினாள். கேக் இப்போது கல்யாணத்துக்கு வெளிக்கிட்டது போல இருந்தது.

“யன்னல்ல வை. வெயில்ல காயட்டும்,” என்றாள் அக்கா.

டிலக்ஷி வைத்தாள். பெட்டியின் மூலையை நிமிர்த்துவதற்கு இரண்டு நிமிடம் திரும்பினாள். அவ்வளவு நேரம் போதும் கொட்டாஞ்சேனைக் காகத்துக்கு.

மதில் மேல் உட்கார்ந்து அது கேக்கை முழுங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பாத்தியா,” என்றாள் ரொஷேல், “பழுதாகேல்ல. பழுதெண்டா காகம் தொடாது.”

இரண்டு ஒழுங்கை தள்ளி மேபல் அன்ரியின் வீடு. கேக்கும் பற்றிஸும் செய்து விற்கிறவர். மாநாட்டுத் தேநீருக்கு இருநூறு பற்றிஸ் அவரிடம்தான் சொல்லியிருந்தார்கள். டிலக்ஷி போனபோது மா பிசைந்த கையோடு வெளியே வந்தார்.

“அன்ரி, கல்யாணத்துக்குக் குடுக்கிற ரிச் கேக் ஒரு துண்டு வேணும். சின்னத் துண்டு. ஒரு...”

விரலால் அளவு காட்டக் கையைத் தூக்குவதற்குள் மேபல் அன்ரி வெட்டிவிட்டார். பெட்டிக்கு அச்சாகப் பொருந்தும் துண்டு. பிறகு அடியிலிருந்த ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, மஞ்சளாகிப் போன ஒரு பூவேலைப் பேப்பரையும், கசங்கிக் கறுத்த வெள்ளிப் பேப்பரையும் எடுத்துச் சுற்றிக் கொடுத்தார்.

“புதுப் பேப்பர் இருக்கு மகள். ஆனா இதுக்கு இதுதான் வடிவு.”

ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்காத மனிதர்களை டிலக்ஷிக்கு எப்போதும் பிடிக்கும். வழியில் அந்தோனியாரின் படத்தைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு நூதனசாலைக்கு ஓடினாள்.

கேக் அளவாக இருந்தது. பேப்பர் பழசாக இருந்தது. ஆனால் பிரித்தால் உள்ளே கேக் எண்ணெய்ப் பளபளப்போடு மினுங்கியது. அதற்கு வயது போதாது.

வாசற் காவலுக்கும் கூட்டுவதற்கும் அங்கே இருந்தவர் பிறெடி. அறுபது வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“பிறெடி அங்கிள், கொஞ்சம் தூசி கிடைக்குமா?”

“எந்த வருஷம்?”

பிறெடி மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பால்மா டின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம் எழுதி ஒட்டியிருந்தது.

“ஒண்டும் எறியக் கூடாது எண்டது சேர்ட சட்டம். ஏதாவது உடைஞ்சு விழுந்த துண்டு தூசிக்குள்ள இருக்குமாம். அதால கூட்டினதெல்லாம் போட்டு வச்சிருக்கன்.”

“முப்பத்தெட்டு இருக்கா?”

“பைத்தியமா பிள்ள? மியூசியம் தொறந்ததே ரெண்டாயிரத்து ஒம்பதில. ஒம்பதாம் ஆண்டுத் தூசி தாறன். அதுதான் கையில உள்ளதில ஆகப் பழசு. நல்ல தூசி. அந்த நேரம் ரோட்டும் போடேல்ல.”

ஒரு தேக்கரண்டி அளந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தை நீட்டினார்.

“சைன் பண்ணுங்க. வெளிய போற எதுக்கும் சைன் வேணும்.”

‘தூசி, ஒரு தேக்கரண்டி’ என்று எழுதி டிலக்ஷி கையெழுத்து வைத்தாள். கேக்கின் மேல் தூவித் தேய்த்தாள். மினுக்கம் போனது. ஒரு மூலை கூட வெடித்தது போல வந்தது. பெட்டியை மூடிப் பொலித்தீனில் பழையபடி சுற்றினாள். அன்றிரவு அதை மடியில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கடலுக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் ரயில் பாதை. கால் மணிக்கு ஒருமுறை ரயில் போகும். அந்த நேரம் பேச்சாளர் வாயைத் திறந்தபடி நிற்பார், ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா. பழைய உணவுப் பொருட்களை ஆராய்வதில் பெரிய ஆள் என்று சொன்னார்கள். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது.

நவரத்தினம் சேர் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு வெள்ளைக் கையுறையோடு மேடையேறினார். டிலக்ஷி பெட்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். மேலே ஒரு கமரா. அதில் விழுவதெல்லாம் பின்னால் உள்ள பெரிய திரையில் தெரிந்தது.

“உம்மடை கை ஏன் நடுங்குது?” என்று சேர் மெல்லக் கேட்டார்.

“ஏசி சேர்.”

அவர் பொலித்தீனைப் பிரித்தார். பெட்டியைத் திறந்தார். வெள்ளிப் பேப்பரை இரண்டு விரலால் விலக்கினார். திரையில் பதினேழாம் இலக்கம் ஒரு வீடு அளவுக்குத் தெரிந்தது. எண்பது பேரும் ‘ஆ’ என்றார்கள்.

“பதினாலு நாள்,” என்றார் சேர். “மைனஸ் பதினெட்டு. உயிர் எண்டு ஒண்டு இனி இதுக்குள்ளை இருக்கேலாது. ஏனெண்டால்...”

ரயில் வந்தது. சேர் வாயைத் திறந்தபடி நின்றார். மேசை அதிர்ந்தது. பெட்டி அதிர்ந்தது. ரயில் போனது.

கேக்கின் மூலையிலிருந்து ஒரு சின்ன மண்ணிற வண்டு வெளியே வந்தது.

திரையில் அது ஆமை அளவில் இருந்தது. அது மீசையை ஆட்டிச் சபையைப் பார்த்தது.

“இது... செத்தது,” என்றார் சேர்.

வண்டு நடந்தது.

“செத்த பிறகும் நல்லா நடக்குது,” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல மண்டபம் சிரித்தது.

டிலக்ஷிக்கு ஒம்பதாம் ஆண்டு டின் ஞாபகம் வந்தது. நீலக் கோவை மேசையில்தான் இருந்தது. அதற்குள் இருந்த கடிதத்தை அவள் மனதுக்குள் வழியனுப்பி வைத்தாள்.

ஆனால் சென்னை அம்மா நாற்காலியை விட்டுத் துள்ளி எழும்பினார்.

“ஐயோ, சார்! என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! பதினாலு நாள் மைனஸ் பதினெட்டுல கிடந்துட்டு உசுரோட வந்திருக்கு! இந்த மாதிரி ஒரு வண்டு எங்கயும் கிடையாதுங்க!”

சிரிப்பு நின்றது. எண்பது கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. நேபாளத்துக்காரர் ஒருவர் மேடைக்கே வந்து வண்டோடு படம் எடுத்துக்கொண்டார். சேர் முதலில் திகைத்து, பிறகு நிமிர்ந்து, கடைசியில் அந்த வண்டைத் தானே வளர்த்தவர் போல நிற்கத் தொடங்கினார். டிலக்ஷி அன்றைக்கு முதன்முறையாக மூச்சு விட்டாள்.

“வண்டையும் கேக்கையும் எங்க லேபுக்கு எடுத்துட்டுப் போறேன்,” என்றார் அந்த அம்மா. “கேக்கு எந்த வருஷம் சுட்டதுன்னு துல்லியமா சொல்லிருவாங்க. உலகமே உங்க மியூசியத்தப் பத்திப் பேசும்.”

சேரின் நிமிர்வு போனது.

“குடுக்கேலாது.”

“ஏங்க?”

“அது வெளியிலை போறேல்லை. அது... பலவீனமான கேக்.”

“நான் பஞ்சுல வெச்சு எடுத்துட்டுப் போறேங்க.”

“தேவையில்லை எண்டன். டிலக்ஷி, பெட்டியை மூடும்!”

சென்னை அம்மா சபையைப் பார்த்தார். அனுப்ப வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கட்டும் என்றார். எண்பது கையும் உயர்ந்தது. வண்டோடு படமெடுத்தவர் இரண்டு கையையும் தூக்கினார்.

சேரின் நெற்றியில் வியர்வை ஓடுவதை டிலக்ஷி கண்டாள். பாவம், இத்தனை வருஷம் காத்த பொருளைப் பிரிய மாட்டாமல் நடுங்குகிறார். நாளைக்குச் சென்னையிலிருந்து பதில் வரும். போன வெள்ளிக்கிழமைக் கேக் என்று எழுதியிருக்கும். உலகம் பேசும். தன்னால் இந்த மனிதர் தலைகுனிய வேண்டுமா?

எட்டு மாதத்தில் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்திராதவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். அது கீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“அது... முப்பத்தெட்டாம் ஆண்டுக் கேக் இல்ல. அதக் காகம் தின்டிட்டுது. இது நேத்து வாங்கினது.” ஒலிவாங்கி இன்னொரு தரம் கீச்சிட்டது. “தூசி மட்டும் ரெண்டாயிரத்து ஒம்பது.”

சென்னை அம்மா பூதக்கண்ணாடியைக் கீழே விட்டார்.

சேர் ஒவ்வொரு விரலாகக் கையுறையைக் கழற்றினார். அவர் குரல் முதலில் தாழ்ந்து பிறகு ஏறியது.

“துலைக்காத பிள்ளை எண்டு நம்பினன். துலைச்சதைக் கூட மன்னிக்கலாம். பழசு இருந்த இடத்திலை புதுசை வைச்சு, பழசெண்டு சனத்துக்குக் காட்டுறது... நூதனசாலையிலை நிக்கிற ஒரு மனிசர் செய்யிற வேலையோ இது? நானெண்டால் அண்டைக்கே ராஜினாமாச் செய்திருப்பன்!”

முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். அவர் நீலக் கோவையைத் திறந்தார். நியமனக் கடிதத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தி, கிழிப்பதற்கு இரண்டு கையாலும் பிடித்தார். டிலக்ஷி நிலத்தைப் பார்த்தாள்.

அப்போது பக்கக் கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு, பற்றிஸ் தட்டோடு மேபல் அன்ரி உள்ளே வந்தார். திரையில் வீடு அளவு தெரிந்த கேக்கைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மேடைப் பக்கம் திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கும் உரிமைக் குரலில் சொன்னார்:

“சேர், எலி தின்னுற வருஷமெல்லாம் நீங்கதானே குடையோட வந்து அந்தத் துண்ட வாங்கிறனீங்க, இந்த முறை ஏன் பாவம் இந்தப் பிள்ளைய அனுப்பினீங்க?”

திரையில் வண்டு மட்டும் கேக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தது.

சேர் கடிதத்தைப் பார்த்தார். மெல்லக் கீழே இறக்கினார். கசங்கிய இடத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்து, டிலக்ஷியின் கையில் கொடுத்தார். பிறகு நாற்காலியில் மாட்டியிருந்த நீளக் குடையை எடுத்தார்.

இதை மட்டும் அக்காவிடம் சொல்லவே கூடாது என்று டிலக்ஷி நினைத்துக்கொண்டாள்.

வெளியே நல்ல வெயில். நவரத்தினம் சேர் குடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல், வாசலைத் தாண்டிப் போனார்.